பதினேழாம் வார்டுக் கும்பிடு

சீனித்தாயின் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில், நகராட்சித் தேர்தலுக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது, காண்டிராக்டர் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நடந்தது. அதற்கு முந்தின நாள் வரை அவை பதினேழாம் வார்டு முழுவதற்கும் தோசை மாவு அள்ளிப் போட்ட கைகள், ஒரு கரண்டி கூடவும் போடாது குறையவும் போடாது என்று பெயரெடுத்த கைகள், சண்டை என்று வந்துவிட்டால் ஒன்று இடுப்பில் ஏற ஒன்று எதிராளியின் மூக்குக்கு நேரே நீளும் கைகள். அவை போய் இப்படிச் செய்யும் என்று வார்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை, செய்தபிறகு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவும் இல்லை.

கருங்கோட்டை நகராட்சியில் மொத்தம் இருபத்துமூன்று வார்டு. இருபத்திரண்டு வார்டில் பெய்கிற மழையும் இறங்கி வந்து உட்காருகிற பள்ளம்தான் பதினேழு. அந்தப் பள்ளத்தின் நடுவில் ஓர் ஊருணி இருந்தது. அதன் தண்ணீரை யாரும் குடித்து நாற்பது வருஷமாகிறது, வாத்துகளும் பிளாஸ்டிக் குடங்களும் மிதந்துகொண்டிருக்கும், ஆனாலும் வருகிற வெள்ளத்தையெல்லாம் அது வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன் அதில் பாதியை மூடிச் சமுதாயக் கூடம் கட்டினார்கள். அந்த ஐப்பசியில் கீழத் தெரு, நடுத் தெரு, பிள்ளையார் தெரு மூன்றிலும் நெஞ்சளவுக்குத் தண்ணீர் ஏறியது. எதிர்வீட்டு முத்துக்கனியின் மாமியார் ஒரு பகலும் ஓர் இரவும் பீரோவின் மேல் உட்கார்ந்திருந்து, நெஞ்சில் சளி கட்டி, தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தாள். சீனித்தாயின் இரண்டு கிரைண்டர்களும் மூழ்கின. இப்போது மிச்சப் பாதியையும் மூடி நாற்பத்தெட்டுக் கடை கொண்ட வணிக வளாகம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், சீனித்தாய் மாவுக் கரண்டியை வைத்துவிட்டு நேரே போய் வேட்புமனுத் தாக்கல் செய்தாள். ஊருணியை மூடக் கூடாது. அவளுக்கு வேறு கொள்கை எதுவும் கிடையாது.

அந்த முறை பதினேழாம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் ஆவுடையப்பன் தன் மனைவி மல்லிகாவை நிறுத்தியிருந்தார். அவருடைய போஸ்டரில் அவர் படம் லாரி டயர் அளவுக்கும் மல்லிகாவின் படம் சட்டைப் பொத்தான் அளவுக்கும் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்களும் அதே அளவில்தான் அடித்திருந்தார்கள், பொத்தானும் டயரும் மட்டும் வேறு. சீனித்தாயின் கணவன் தங்கமாரி மினிபஸ்ஸில் கண்டக்டர். நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்தில் அவனுடைய படத்தைக் கேட்டபோது, "நான் எதுக்கு? நிக்கிறது அவதானே" என்று சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால், பதினேழாம் வார்டு வாயைப் பிளந்தது இந்தச் சங்கதிக்குத்தான். கை ஒட்டிக்கொண்டது அதற்கு அடுத்தபடிதான்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலில் நிற்கிறவர் எதிராளி வீட்டு வாசலுக்கும் போய்க் கும்பிட்டு ஓட்டுக் கேட்க வேண்டும், எதிராளியும் காப்பி கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும், தெரு முழுவதற்கும் தெரியும், ஆனாலும் கேட்காமல் விட்டால் தெரு மன்னிக்காது. சீனித்தாய் போனாள், கும்பிட்டாள். ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே நில்லு தாயி. காப்பியக் குடிச்சு முடிச்சிட்டுப் பதில் சொல்லுதேன்."

அவள் கும்பிட்டபடியே நின்றாள். அவர் ஒரு மிடறு குடித்தார், பேப்பரை விரித்தார், தலைப்புச் செய்தி படித்தார், இன்னொரு மிடறு குடித்தார், விளையாட்டுச் செய்தி, தங்கம் விலை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் படித்தார், ஆறிப்போன காப்பியைச் சுட வைத்துக்கொண்டு வரச் சொன்னார். மூன்று தெருவுக்காக அவள் நின்றாள். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்து, "யோசிப்போம்" என்றார். சீனித்தாய் படியிறங்கி, முந்தானையை இழுத்துவிடக் கையை எடுத்தாள். கை வரவில்லை.

முதலில் தங்கமாரி இழுத்துப் பார்த்தான், பிறகு தெருவே இழுத்துப் பார்த்தது. தேங்காயெண்ணெய் விட்டார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள், சோப்பு நுரை போட்டார்கள், ஒர்க்‌ஷாப்காரன் கிரீஸ் கொண்டுவந்தான், பேறுகாலம் பார்க்கிற ஒரு அம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பளபளவென்று மின்னிக்கொண்டு, கும்பிட்டபடியே இருந்தன. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"படத்துல ரெண்டு கையும் தனித்தனியாத்தான் இருக்கு. நடுவுல இடம்கூட இருக்கு. வலிக்குதா?"

"வலி ஒண்ணும் இல்லய்யா."

"அப்போ எலெக்‌ஷன் முடியட்டும், பாப்போம்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது முத்துக்கனி தன் வாசலில் நின்றிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. சீனித்தாய் கிரைண்டர் கழுவுகிற தண்ணீர் முத்துக்கனி வாசலில் தேங்குகிறது என்று ஆரம்பித்த சண்டை, இரண்டு குடும்பத்துச் செத்தவர்களையும் இழுத்துப் பேசுகிற அளவுக்குப் போயிருந்தது. அந்தச் சீனித்தாய் இப்போது தெருவில் இறங்கி, தன்னைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வருவதை முத்துக்கனி பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட மதினி, அதுக்காக இப்படியா கும்பிடணும்! வயசுல மூத்தவ நீங்க. என்னமோ கோவத்துல நாலு வார்த்தை பேசிட்டோம். விடுங்க" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

அது மன்னிப்பு இல்லை என்று சொல்லச் சீனித்தாய் வாயெடுத்தாள். அதற்குள் முத்துக்கனி ஒரு தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்து ஒரு கவளத்தை அவள் வாயில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் ஊட்டுவது, தலை வாருவது, குளிப்பாட்டிச் சேலை கட்டிவிடுவது எல்லாம் முத்துக்கனி பொறுப்பாயிற்று. சீனித்தாய்க்குத் தேர்தல் கமிஷன் ஒதுக்கிய சின்னம் சீப்பு. தன் சின்னத்தைத் தன் கையால் தொட முடியாத வேட்பாளர் அந்த நகராட்சியிலேயே அவள் ஒருத்திதான்.

அதன்பிறகு அவள் போன இடமெல்லாம் கும்பிட்டுக்கொண்டு போனாள். வேறு வழி இல்லை. ரேஷன் கடை வரிசையைக் கும்பிட்டாள், குழாயடியைக் கும்பிட்டாள், தன்னைப் பார்த்துக் குரைத்த நாயையும் குப்பைத் தொட்டியையும் மல்லிகாவின் போஸ்டரையும் கும்பிட்டாள், தூங்கும்போதும் கும்பிட்டபடி தூங்கினாள். பதினேழாம் வார்டு எத்தனையோ கும்பிடு பார்த்திருக்கிறது. ஜீப்பில் நின்றுகொண்டு போடுகிற கும்பிடு, ஒரு வீட்டுக்கு ஒன்று என்று எண்ணிப் போடுகிற கும்பிடு, பாதி கும்பிடும்போதே செல்போன் அடித்து அறுந்துபோகிற கும்பிடு எல்லாம் பார்த்திருக்கிறது. வாசலைத் தாண்டிப் போனபிறகும் இறங்காத கும்பிடை அது பார்த்ததில்லை. "முதுகைக் காட்டிக்கிட்டுப் போகும்போதுகூடக் கும்பிட்டுக்கிட்டே போறாக" என்று கீழத் தெருப் பெண்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ஊருணியைப் பற்றி அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எல்லோரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பன் நிலைமையைப் புரிந்துகொண்டு, மல்லிகாவையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கையை எடுக்காமல் இருக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "நீங்க வேணா கும்பிடுங்க, போஸ்டர்ல பெரிசா நீங்கதானே இருக்கீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் புகார் எழுதினார். பிரச்சாரம் ஓய்ந்தபிறகும் சீப்புச் சின்ன வேட்பாளர் இரவு பகலாகக் கைகூப்பி வாக்குச் சேகரித்துக்கொண்டே இருக்கிறார், இது நடத்தை விதிமீறல், உடனே தடுக்க வேண்டும்.

தேர்தல் அதிகாரி நியாயமான மனிதர். விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். ஒட்டிக்கொண்ட கைகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை, ஆனால் தேர்தல் சமயத்தில் தலைவர்களின் சிலைகளைத் துணி போட்டு மூட வேண்டும் என்று இருந்தது. அது போதும் என்று முடிவு செய்தார். பேருந்து நிலையத்துச் சிலையை மூடின துணியிலேயே மிச்சம் இரண்டு முழம் இருந்தது. அதைக் கொண்டுவந்து சீனித்தாயின் கைகளைச் சுற்றி, சணல் கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரை குத்தி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார்கள். வாக்குப்பதிவு நாளில் அவள் அரசாங்க முத்திரை போட்ட ஒரு மூட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு நடந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஓர் ஆத்மாவும் வரிசையில் இல்லை. திறந்திருந்தால் கண்டுகொள்ளாமல் போயிருக்கக்கூடியவர்கள்கூட மூடியிருப்பதைப் பார்த்து உருகினார்கள். மை வைக்கவும் பொத்தான் அழுத்தவும் அதிகாரி எழுத்துபூர்வமாக அனுமதி கொடுக்க, மூட்டையின் நுனியில் ஓர் அங்குலம் கத்தரித்துவிட்டார்கள். அவள் நுனி விரல்களால் தன் சின்னத்தைக் குத்தினாள்.

நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

பதவியேற்பு நாளில் ஊதுபத்தியைப் போலப் பேனாவை இரண்டு கைக்கும் நடுவில் செருகிவிட்டார்கள், கையெழுத்துப் போட்டாள். மாலை போட வந்தவர்களும் போட்டோ எடுக்க வந்தவர்களும், இவ்வளவு மரியாதை தெரிந்த கவுன்சிலரைக் கருங்கோட்டை பார்த்ததில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். கை எப்போது பிரியும் என்று கேட்டது தங்கமாரி மட்டும்தான். பெரியாஸ்பத்திரி டாக்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார்.

மன்றக் கூட்டங்கள் தொடங்கின. நகராட்சித் தலைவர் நாகமுத்து, நல்ல பேச்சுக்காரர், ஒரு தீர்மானத்தைப் படித்து முடித்ததும், "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்" என்பார். கைகள் எழும். எழுதுகிற கிளார்க் ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டே வந்து சீனித்தாயிடம் நிற்பார். அவளுடைய இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே, தலைவரைப் பார்த்து, கும்பிட்டபடி இருக்கும். முதல் கூட்டத்தில் கிளார்க் தலைவரைப் பார்த்தார், தலைவர் தலையாட்டினார். பதிவேட்டில் "உறுப்பினர் கைகூப்பி ஏற்றார்" என்று ஏறியது. வீட்டு வரி கூடியது. இரண்டாம் கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணம் கூடியது. சீனித்தாய் எழுந்து நின்றாள்.

"தலைவரே, எனக்குச் சம்மதமில்ல. எழுதிக்கிடுங்க."

நாகமுத்து சிரித்தார். "கும்பிட்டுக்கிட்டே மாட்டேன்னு சொல்ற ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்குதேன் தாயி. வாயில ஆயிரம் சொல்லுவோம். இங்க கைதான் கணக்கு. உக்காருங்க."

மூன்றாம் கூட்டத்தில் அவள் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கிளார்க் குனிந்து பார்த்து, "உறுப்பினர் மேஜைக்கு அடியிலும் கைகூப்பி ஏற்றார்" என்று எழுதினார். பிள்ளையார் தெருத் துப்புரவுப் பணியாளர்களில் இருவர் குறைந்தார்கள்.

மறுநாள் பேப்பரில் மன்றத்தின் படம் வந்திருந்தது. வரிசையாக உட்கார்ந்திருக்கிற இருபத்துமூன்று பேரில் அவள் ஒருத்திதான் பேப்பர் வாசிக்கிறவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வார்டே அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டது. கூடின வரியை எல்லோரும் கட்டினார்கள், வாசலில் குவிந்த குப்பையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள், யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. "வரியைக் கூட்டுனா என்ன, கும்பிட்டுட்டுத்தானே கூட்டுதாக" என்றார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை அவள் முன் கொண்டுவந்து ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அனுப்பினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அவளை அழைத்துப்போய் மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள், வருகிற அத்தனை பேரையும் வரவேற்க வேறு ஆள் தேவைப்படவில்லை. மதுரையில் ஒரு எலும்பு டாக்டர் இருக்கிறார், போய்ப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது முத்துக்கனி பதறிப்போனாள்.

"ராசியான கையப் போயி யாராவது டாக்டருகிட்ட காட்டுவாகளா மதினி? ஒங்களுக்கு என்ன குறை வச்சேன்? சோறு ஊட்டலையா? தலை வாரலையா?"

குறை எதுவும் இல்லை. முத்துக்கனி ஊட்டுகிற சோற்றில் பாசம் இருந்தது, சில நாள் உப்புத்தான் இல்லை. ஆனால் சீனித்தாய்க்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. யாரோ இரண்டு கிரைண்டரையும் ஓட்டி மாவு ஆட்டினார்கள், யாரோ அள்ளிப் போட்டார்கள், கூடக் குறையப் போட்டார்கள். தன் மூக்கு அரித்தால்கூட இன்னொருத்தரைக் கூப்பிட வேண்டியிருந்தது. எட்டு மாதமாக அவள் மாட்டேன் என்று சொன்னது எதுவும் எந்தக் காதிலும் ஏறவில்லை, அவள் சொல்லாத சரி மட்டும் பக்கம் பக்கமாகப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

புரட்டாசிக் கடைசியில் நிகழ்ச்சி நிரல் வந்தது. தீர்மானம் எண் நாற்பத்தொன்று, பதினேழாம் வார்டு ஊருணியின் மீதிப் பகுதியைச் சமன் செய்து வணிக வளாகம் கட்டுதல், ஒப்பந்ததாரர் திரு. ஆவுடையப்பன். தலைவரோடு சேர்த்துப் பதினொரு பேர் ஆதரவு. எதிர்த்தரப்பில் பதினொரு பேர். அவர்களுக்கு ஊருணி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது, காண்டிராக்ட் தங்கள் ஆளுக்கு வரவில்லை என்கிற ஒரே வருத்தம்தான். மிச்சம் சீனித்தாய்.

"நீ போகாம இருந்திரு சீனி" என்றான் தங்கமாரி. "காய்ச்சல்னு எழுதிக் குடுத்திருவோம்."

"நான் போகலேன்னா பதினொண்ணுக்குப் பதினொண்ணு. சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. முடிஞ்சு போகும்."

"போனா?"

"போனா கும்பிட்டேன்னு எழுதுவாக. அப்பவும் முடிஞ்சு போகும்."

அவன் கொஞ்ச நேரம் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தில் விழுந்த அவளுடைய முடியை ஒதுக்கிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினான்.

கூட்டம் நடந்த அன்று மன்றத்தில் பார்வையாளர் பெஞ்சு நிரம்பியிருந்தது. முன் வரிசையில் ஆவுடையப்பன், மடியில் வணிக வளாகத்தின் வரைபடத்தோடு. ஊருணிக் கரையில் இல்லாத மரங்களெல்லாம் வரைபடத்தில் பச்சையாக நின்றிருந்தன. நாகமுத்து தீர்மானத்தைப் படித்தார். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். பதினொரு கைகள் எழுந்தன. கிளார்க் எண்ணிக்கொண்டே வந்து சீனித்தாயிடம் நின்றார். எத்தனை எழுதிப் பழகினாலும் அன்றைக்கு அவர் பேனாவைப் பதிவேட்டில் வைக்கவில்லை, ஏனென்றால் அவரும் நடுத் தெருக்காரர்தான்.

"என்னய்யா யோசிக்கீரு?" என்றார் ஆவுடையப்பன் பெஞ்சிலிருந்து. "அது கும்பிட்டாச்சு. எழுதும். அதுக்கு அதைவிட்டா வேற என்ன தெரியும்?"

சீனித்தாய் கடவுளை வேண்டிக்கொள்ளவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கவும் இல்லை. அவளுக்குச் சண்டை போட வேண்டும்போல இருந்தது. அது என்று சொன்ன அந்த வாயைப் பார்த்து, தெருவில் நின்று சத்தம் போடுவதுபோல நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. சண்டை போடுவதற்கு அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். வலது கை போய் இடுப்பில் ஏறியது. இடது கை நேரே நீண்டது. ஈரச் சேலையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

"அது இதுன்னா பல்லு இருக்காது பாத்துக்கிடும்!" என்றாள். பிறகு, தான் இருக்கிற இடம் நினைவுக்கு வந்து, நீட்டின கையை அப்படியே மேலே தூக்கினாள். "மாட்டேன். ஊருணிய மூட விடமாட்டேன். இதோ கை. எண்ணிக்கிடுங்க."

எட்டு மாதமாக வெளிச்சம் படாத உள்ளங்கை வெளுத்து, ஊறிச் சுருங்கி, ஒரு ரேகைகூட இல்லாமல் இருந்தது. எதிர்த்தரப்புப் பதினொரு பேரும், தங்களுக்கு இப்படி ஒரு துணை கிடைக்கும் என்று நினைக்காததால், ஒரு விநாடி பிந்தித்தான் கையைத் தூக்கினார்கள். கிளார்க் எழுந்து நின்று, இரண்டு முறை எண்ணி, "பன்னிரண்டு" என்றார். தீர்மானம் தோற்றது. பதிவேட்டில் "உறுப்பினர் கையை எடுத்து எதிர்த்தார்" என்று தன் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் எழுதினார்.

அன்று சாயங்காலம் தங்கமாரியின் மினிபஸ்ஸிலேயே அவள் வீட்டுக்கு வந்தாள். அவன் வழக்கம்போல டிக்கெட்டைக் கிழித்து அவளுடைய பிளவுஸ் ஓரத்தில் செருகப்போனான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவன் சில்லறைப் பையை மூடிவிட்டு, அடுத்த நிறுத்தம் வரைக்கும் யாருக்கும் டிக்கெட் போடாமல் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தான். கண்டக்டர் அழுகிறாரே என்று ஒரு அம்மாள் தன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

முத்துக்கனி தட்டில் சோறு பிசைந்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். சீனித்தாய் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"ஊருணி தப்பிச்சிருச்சு முத்துக்கனி! இந்தா பாரு, கையும் வந்திருச்சு!"

முத்துக்கனி கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். சீனித்தாய் பசி தாங்காமல் அந்தத் தட்டிலிருந்தே ஒரு கவளத்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எட்டு மாதத்தில் இப்படி ஒரு ருசியை அவள் அறிந்ததில்லை. முத்துக்கனியின் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ இனிமே நான் வர வேண்டாம்ங்கீக" என்று தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பேப்பரில் ஊருணியைப் பற்றி நாலு வரி இருந்தது. நாலு பத்தியில் பெரிய படம் இருந்தது, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை காற்றிலுமாகச் சீனித்தாய், அடியில் "மன்றத்தில் பெண் கவுன்சிலர் ஆவேசம்" என்று போட்டிருந்தார்கள். இதை யாரும் கத்தரித்து வைத்துக்கொள்ளவில்லை. கீழத் தெருவில் ஒருத்தி, நேற்று எதிரே வந்தபோது கவுன்சிலர் தன்னைக் கும்பிடவில்லை என்றாள். நடுத் தெருவில் ஒருத்தர், தன்னையும் கும்பிடவில்லை என்றார். பையை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக ஒருவர் சாட்சி சொன்னார். சேதி காதுக்கு எட்டியதும் சீனித்தாய் வீடு வீடாகப் போய் வேண்டுமென்றே கும்பிட்டுப் பார்த்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. எப்போது கையை எடுக்கிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவள் எடுத்தாள். "முன்னால கும்பிட்டது மனசுலருந்து வந்தது. இது நடிப்பு" என்று பிள்ளையார் தெரு தீர்ப்புச் சொன்னது. ஆவுடையப்பன் எங்கும் போய்ப் பேச வேண்டியிருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை ஆளுக்கொரு முறை கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. இருபத்திரண்டு வார்டுத் தண்ணீரும் தெருத் தெருவாகச் சேர்ந்து, சாக்கடைகளை நிரப்பிக்கொண்டு, செருப்பும் பழைய காலண்டரும் செத்த எலியுமாகச் சுருட்டிக்கொண்டு பதினேழாம் வார்டுக்கு இறங்கி வந்தது, வந்து ஊருணிக்குள் விழுந்தது, விழுந்து, சுழன்று, மேல்படிக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டது. மூன்று தெருவிலும் ஒரு வீட்டுப் படிகூட நனையவில்லை. ஜனங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பருத்திப் பால் காய்ச்சிக் குடித்தார்கள், மழைக்கு இதமாக இருந்தது, பேசுவதற்கு நிறைய நேரமும் இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் சீனித்தாய் ஊருணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் நனையாமல் தூக்கிப் பிடித்த சேலைக் கொசுவம். முத்துக்கனி வீட்டு வாசலில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த தரை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. உள்ளே சுவரோரமாகப் பீரோ நின்றது, அதன் மேல் யாரும் இல்லை, ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

"பாத்தீகளா" என்றாள் முத்துக்கனி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி. "நிக்கும்போது என்ன கும்பிடு கும்பிட்டாக. ஜெயிச்சதும் கையை எடுத்துட்டாக."

சீனித்தாய் நின்றாள். பதில் சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது. அந்தக் காய்ந்த தரையை ஒரு முறை பார்த்தாள், பீரோவின் மேல் இருந்த பூனையை ஒரு முறை பார்த்தாள்.

"ஆமா முத்துக்கனி. எடுத்துட்டேன்" என்றாள். பிறகு குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

அவள் திரும்பி வந்து ஒரு கும்பிடாவது போடுவாள் என்று அவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. என்ன திமிர் பாரு என்று பேசிக்கொண்டார்கள். மழை இன்னும் வலுத்தது, சாரல் வாசல் வரை அடித்தது, உள்ளே எழுந்து போய்க் காய்ந்த தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.